இருபத்தேழாவது ஓடு

ஆவுடையப்பனுக்குச் சாமி என்றால் ஆகாது. சும்மா ஆகாது என்று சொல்லிவிட்டுப் போகிற ரகமில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "எல்லாம் அவன் செயல்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பாயசம் ஆறி ஆடை கட்டுகிறவரை மனுஷன் விடமாட்டார். "பேரே ஆவுடையப்பன், இதுல இவ்வளவு பேச்சா?" என்று யாராவது சீண்டினால், "பேர் வச்சது எங்கப்பா. கேஸை அவர் மேல போடும்" என்பார்.

அப்படிப்பட்டவர், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, சோதனைக்கூட மேசையில் கிடந்த கறுப்பு ஓட்டையும் அதில் விழுந்திருந்த குழியையும் பார்த்த மாத்திரத்தில் "முருகா" என்று சொல்லிவிட்டார். வாய்க்குள்தான். எதிரே நின்ற நஸீமாவுக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் அவருக்குக் காது வரை சுட்டது.

ஓடு என்றால் வீட்டுக் கூரை ஓடு இல்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, கடலைப் பார்த்து நிற்கிற அந்தக் கம்பெனியில் விண்கலங்களுக்குக் கவசம் செய்கிறார்கள். மேலேயிருந்து கலம் இறங்கும்போது காற்று உரசி அடிப்பாகம் தணலாகக் கனலும் அல்லவா, அந்தச் சூடு உள்ளே இருக்கிற ஆட்களைத் தொடாமல் தடுப்பவை இந்த ஓடுகள். ஒரு கலத்துக்கு அறுபத்து நான்கு. செய்கிற முறைதான் விசித்திரம். சிலிக்கான் சேர்ந்த பாலிமர் ஒன்று தேன் பதத்தில் டப்பாவில் வரும். தொழிலாளிகள் அதைப் பாகு என்பார்கள். அச்சில் ஊற்றி இறுக வைத்தால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். அறுக்கலாம், துளை போடலாம், எந்த வளைவுக்கும் இழைக்கலாம். பிறகு காற்றே புகாத சூளையில், ஆர்கான் வாயுவுக்குள், ஆயிரத்து இருநூறு டிகிரி வரை மெல்ல மெல்ல ஏற்றினால், இளகின சமாச்சாரமெல்லாம் வாயுவாகப் போய், வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி கால்வாசி சுருங்கி, கன்னங்கரேலென்று செராமிக்காக நிற்கும். அதில் மிஞ்சிய நுண்துளைகளை அடைக்க மறுபடி பாகில் முக்கி, மறுபடி சூளை. இப்படி ஏழு முழுக்கு. அதற்குப் பிறகு இரும்பை உருக்குகிற சூடும் அதை ஒன்றும் பண்ணாது.

பண்ணாது என்றுதான் பத்து வருஷமாக ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சூளைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

"நாற்பதாம் ஓட்டோட ஜோடி சார் இது," என்றாள் நஸீமா. பொருள்களைப் பகுத்துப் பார்க்கிற வேலை அவளுடையது. காயல்பட்டினத்துப் பெண், பேச்சில் எப்போதும் ஒரு நிதானம் இருக்கும். "ஒவ்வொரு செட்டுலயும் ஒண்ணைக் கூடுதலாச் செஞ்சு எடுத்து வைப்போம்ல, அது. மேல இருக்கிற கலம் இறங்கறதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவை பிளாஸ்மா ஜெட் சூட்டுல காட்டினேன். மத்த இடத்துல முடி அளவுகூடத் தேயல. இங்க மட்டும் முக்கால்வாசி ஆழம் போயிருச்சு."

"வெடிப்பா?"

"வெடிப்பில்ல. உருகியிருக்கு."

"உருகுற சாமானாம்மா அது?"

"ஓடு உருகாது. சூட்டுல காத்து பட்டதும் அது மேல கண்ணாடி மாதிரி ஒரு தோல் படியும்ல, அதுதானே காவல். இந்த இடத்துல அந்தத் தோலோட கால்சியமும் பொட்டாசியமும் கலந்திருக்கு. கலந்தா சீக்கிரமே இளகி வழிஞ்சிரும். வழிஞ்சா புதுத் தோல் வரும், அதுவும் வழியும். அப்படியே தோண்டிக்கிட்டே போகும்."

"பாகுல கலப்படமா?"

"பாகு சுத்தம். டப்பா டப்பாவாப் பார்த்துட்டேன். கூடவே பாஸ்பரஸ் இருக்கு சார்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "சாம்பல் சார். சாணச் சாம்பல். முதல் முழுக்குக்கு முன்னாடியே யாரோ பூசியிருக்காங்க. மேல ஏழு முழுக்கு ஏறிட்டதால எந்த ஸ்கேன்லயும் தெரியல. உங்க பாஷையில சொன்னா, திருநீறு."

வேறு நாளாக இருந்தால் "அது என்னம்மா உங்க பாஷை?" என்று சண்டைக்கு நின்றிருப்பார். அன்றைக்கு அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. நாற்பதுதானே, நம்முடையது இருபத்தேழு ஆயிற்றே என்று. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நாற்பதைத் தோண்டியது இருபத்தேழை விட்டுவைக்குமா?

இருபத்தேழாம் ஓடு அப்போது பூமிக்கு மேலே நானூறு கிலோமீட்டரில், விண்வெளி நிலையத்தோடு பிணைத்து நிறுத்தியிருந்த கலத்தின் அடியில் இருந்தது. அதற்கு நேர் மேலே இடப்பக்க இருக்கை. அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் அந்த இருக்கையில் உட்கார்ந்து இறங்கப்போகிறவள் இளவெயினி. ஆவுடையப்பனின் ஒரே மகள்.

நடந்தது இதுதான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஆயுதபூஜை. சூளையின் வெளிக்கதவில் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும். வைத்தது மாசிலாமணி, ஒன்பது வருஷமாகச் சூளை ஏற்றியவன், ஆர்கான் குழாயில் ஊசிமுனை ஒழுக்கு இருந்தாலும் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற ஆள். ஆவுடையப்பன் எல்லாரையும் உணவுக்கூடத்தில் கூட்டி வைத்து, அத்தனை பேர் முன்னால் அவனைக் கிழி கிழியென்று கிழித்தார். "இன்னைக்குக் கதவுக்குப் பொட்டு வைக்கிறவன் நாளைக்கு ஓட்டுக்கும் வைப்பான். இது ஃபர்னஸ்வே, கோயில் இல்ல!" என்றார். மாசிலாமணி தலை குனிந்தபடியே போய்க் கதவைத் துணியால் துடைத்தான். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அவனை வேலையை விட்டே அனுப்பினார். அதற்கப்புறம் அந்தக் கட்டடத்தில் எந்தக் கதவிலும் ஒரு புள்ளி இல்லை. ஆவுடையப்பனுக்கு அதில் பெருமை என்றால் பெருமை. சாதித்துவிட்ட மாதிரி நடந்தார்.

நாலு மாசம் கழித்து இளவெயினியைப் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு காலை, அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி கோமதி கையில் மடித்த இலையோடு வந்து நின்றாள்.

"ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது."

"திட்டுற மாதிரி சொல்லாத."

"மைனிகூடத் திருச்செந்தூர் போயிருந்தம்லா. பன்னீர் இலைத் திருநீறு. நம்ம புள்ள உக்காருற எடத்துக்கு நேரா இருக்கிற ஓட்டுல ஒரு துளி வச்சிருங்க. தீ படுற பக்கமா."

"ஏ கோமு, அது என்ன கன்னுக்குட்டியா, திருஷ்டி கழிக்க?"

"உங்க புள்ளதான போறா," என்றாள் கோமதி. இலையை அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் எதையும் நம்பவில்லை. இதைப் பின்னால் நூறு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நம்பவில்லைதான், ஆனால் வைக்காமல் விட்டு, அங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? காலை ஷிப்ட் ஆட்கள் உடை மாற்றிக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில், தலைவரை யார் சோதிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில், சுத்த அறைக்குள் இலையைக் கொண்டுபோனார். கையுறையைக் கழற்றினார். ஒரு துளி தொட்டுவிட்டு வரவேண்டும் என்றுதான் போனது. அந்தக் கை இருக்கிறதே, அது சின்ன வயசில் அவர் அப்பா பிடித்துப் பழக்கிய கை. மூன்று விரலையும் நனைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக, நெற்றியில் இழுக்கிற மாதிரியே இழுத்துவிட்டது. ஈரம் காய்ந்து கோடு வெளுப்பதற்குள் சூளைத் தட்டில் ஏற்றினார். அன்று சாயங்காலம் கோமதி "வச்சியளா?" என்று கேட்டபோது, "கடல்ல எறிஞ்சிட்டேன்" என்றார். ஊரெல்லாம் பேசின வாய், வீட்டில் தோற்கச் சம்மதிக்கவில்லை.

இப்போது அந்த மூன்று கோடும் ஏழு முழுக்குக்கு அடியில், மகளின் முதுகுக்குக் கீழே கிடந்தன.

மத்தியானம் நிர்வாகி கோதண்டபாணியின் அறையில் கூட்டம். அவர் அதிகம் சத்தம் போடுகிறவர் அல்ல. அன்றைக்குப் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"இறங்கறதைத் தள்ளிப்போட முடியாது. மேல ஒருத்தருக்குச் சிறுநீரகக் கல், வலி தாங்கல. அடுத்த கலத்துக்கு அஞ்சு மாசம் ஆகும்," என்றார். "ரிப்பேர் பண்ண முடியுமா நஸீமா?"

"முடியும் சார். பாகும் கார்பைடு தூளும் கலந்த பசை மேல நிலையத்துலயே இருக்கு. கெட்ட இடத்தைச் சுரண்டி எடுத்துட்டு, பசையை அப்பி, சூடு பண்ணி இறுக்கிட்டாப் போதும். சூளையே வேண்டாம். இறங்கும்போது வர்ற சூடே சூளை வேலையைப் பார்த்துரும், அங்கேயே செராமிக்கா மாறிக்கும். ஆனா ஆறு இடத்துக்குத்தான் பசை இருக்கு. கலத்துக்கு வெளிய ஆள் நிக்க முடியறதும் ஏழு மணி நேரம்தான். எந்த ஓடு, ஓட்டுல எந்த எடம்னு தெரியணும். அறுபத்து நாலையும் சுரண்ட முடியாது."

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருபத்தேழையும் சேத்துக்கலாம். அல்ட்ராசவுண்டுல அப்பவே லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு."

நஸீமா மடிக்கணினியைத் தட்டினாள். "இருபத்தேழு சுத்தமா இருக்கே சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. என்ன சந்தேகம்?"

"ஒரு அனுபவத்துல தோணுது."

"தோணுறதுக்கெல்லாம் ஆளை வெளிய அனுப்ப மாட்டாங்க சார். நாளைக்கு எனக்கு ஒண்ணு தோணும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முப்பது வருஷமாக மற்றவர்களைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி அது. ஆதாரம் எங்கே? காட்டு, பார்க்கலாம். ஆதாரம் அவர் விரல் நுனியில் இருந்தது. அதைக் காட்டாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்று பார்த்த சின்னத்தனம் அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

கோதண்டபாணி ஒரு முடிவுக்கு வந்தார். "யாரோ செஞ்சிருக்காங்க. ஒரு ஓட்டுல மட்டும்தானா, இன்னும் இருக்கான்னு தெரியணும். நாளைக்குக் காலையில எல்லாரையும் கூப்பிட்டுக் கேளுங்க ஆவுடையப்பன். நீங்க கேட்டாத்தான் சரி வரும். உங்ககிட்டதான் இந்த விஷயத்துல எல்லாருக்கும் பயம்."

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு உணவுக்கூடத்தில் பத்தொன்பது பேர் நின்றார்கள். மேசைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். சாம்பார் வாசனை அடித்தது. நஸீமா கையில் நோட்டோடு ஒரு பக்கம், கோதண்டபாணி வாசலருகே. நடுவில் ஆவுடையப்பன். மாசிலாமணியைக் கிழித்தபோது நின்ற அதே இடம்தான். அது அவருக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

விஷயத்தைச் சொன்னார். ஓடு, சாம்பல், குழி, மேலே இருக்கிற மூன்று பேர். சொல்லி முடித்து, "யார் வச்சது?" என்று கேட்டார்.

ஒருத்தரும் நிமிரவில்லை. பத்தொன்பது தலைகளும் தரையைப் பார்த்தன. சூளை ஏற்றுகிறதில் மூத்தவரான சுடலைக்கண்ணு தன் கால் கட்டைவிரலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சுப் பிரிவு சூப்பர்வைசர் ஸ்டெல்லா புஷ்பம் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சொன்னாத்தான் காப்பாத்த முடியும். யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன். யார் வச்சது?"

யார் வச்சது, யார் வச்சது என்று இவர் கேட்கக் கேட்க, அந்த வார்த்தை அவர் வாயிலேயே புளித்தது. எதிரே ஒருத்தரும் இவரை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஒண்ணும் பண்ண மாட்டேன் என்கிறவனை எப்படி நம்புவார்கள், அவன் என்ன பண்ணினான் என்று கண்ணால் பார்த்தவர்கள்? மூன்றாவது தடவை கேட்க வாயைத் திறந்தார். கேள்வி வரவில்லை.

"நான் வச்சேன்," என்றார்.

சுடலைக்கண்ணு முதலில் நிமிர்ந்தார். அவர் காது மந்தம், சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, "யாரு அண்ணாச்சி?" என்றார்.

"நான்வே. இருபத்தேழுல. திருநீறு. என் பொண்டாட்டி குடுத்தா, நான் வச்சேன். மாசிலாமணியை அனுப்பிச்சு நாலே மாசத்துல."

நஸீமா பேனாவைத் திறந்தாள். அவளுக்கு வேலை முக்கியம். "அளவு வேணும் சார். ஒரு புள்ளியா?"

"இல்ல."

"பின்ன?"

ஆவுடையப்பன் மூன்று விரலைச் சேர்த்துக் காற்றில் இழுத்துக் காட்டினார். பின்வரிசையில் யாரோ ஒருவன் அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு நியாயம் என்று அவருக்கே பட்டது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"மூணு கோடு. விரல் நீளம். ஓட்டுக்கு நடு மத்தி," என்றார். நஸீமா தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் ஸ்டெல்லா புஷ்பம் ஒரு அடி முன்னால் வந்தாள். "சார், ஒன்பதாம் ஓட்டுல நான் சிலுவை போட்டேன். மாதா கோயில் எண்ணெயில."

"எண்ணெய்னா ஒண்ணுமில்ல, எரிஞ்சு போயிருக்கும்," என்றாள் நஸீமா. "அடுத்து?"

"பன்னெண்டுல குங்குமம்," என்றது ஒரு குரல். "முப்பத்து மூணுல நானு," என்றது இன்னொன்று. நாற்பதிலும் அதன் ஜோடியிலும் திருநீறு வைத்தவர் சுடலைக்கண்ணு; எது பறக்கும் எது நிற்கும் என்று தெரியாததால் ஒன்றுக்கு இரண்டாக வைத்தாராம். ஐம்பத்தெட்டில் ஒருவன் எலுமிச்சம்பழத்தைக் குங்குமத்தில் தோய்த்துத் தேய்த்திருந்தான். குங்குமத்திலும் சுண்ணாம்பு உண்டு, அதுவும் அதே கால்சியம்தான்; நஸீமாவின் பேனா நிற்கவே இல்லை.

ஆவுடையப்பன் நஸீமாவின் நோட்டை எட்டிப் பார்த்தார். "ஏன்வே? ஓட்டுல ஏன் வச்சிய? அதுவரைக்கும் ஒருத்தனும் ஓட்டைத் தொட்டதில்லையே?"

சுடலைக்கண்ணுதான் சொன்னார், கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

"முன்னால கதவுல வைப்போம். வச்சா மனசு அடங்கிரும். பெறவு கதவுல வைக்க விடலைல்லா. வெளிய வச்சா உங்க கண்ணுல படும். அதான் உள்ள வச்சோம் அண்ணாச்சி. பறக்கப் போறது உங்க பாப்பால்லா."

உங்க பாப்பால்லா என்றதும் ஆவுடையப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இந்தப் பத்தொன்பது பேரில் அவரிடம் வசவு வாங்காதவர் ஒருவர் கிடையாது. அவருடைய பெண்ணுக்காகத்தான் அவருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள். கதவில் இருந்தவரை அந்தக் குங்குமம் யாரையும் எதுவும் செய்யவில்லை. அதைத் துரத்தித் துரத்தி ஓட்டுக்குள் கொண்டுபோய் விட்டவர் இவர்தான். அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதார்.

பன்னிரண்டு, இருபத்தேழு, முப்பத்து மூன்று, நாற்பது, ஐம்பத்தெட்டு. ஐந்து ஓடுகள். பசை போதும். வெளியே இறங்கிச் சுரண்டப்போகிறவள் இளவெயினியேதான்; நிலையத்தில் அதற்குப் பயிற்சி பெற்றவள் அவள் ஒருத்தி. இடத்தைத் துல்லியமாகச் சொல்வதற்கு, பூசியவர்களே அவளோடு பேச வேண்டும் என்றார்கள். ஒவ்வொருவராகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். கடைசியில் ஆவுடையப்பன்.

திரையில் மகளின் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. மேலே போனால் எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும். முடி நாலா பக்கமும் பறந்தது.

"எந்த எடம்ப்பா?"

அவர் எதிரே வைத்திருந்த வேறோர் ஓட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "இங்கேருந்து இதுவரைக்கும். மூணு கோடு. முழுக்கு ஏறியிருக்கு, அதனால ரெண்டரை மில்லி ஆழமாச் சுரண்டு. மூணுன்னாலும் தப்பில்ல."

"சரி." அவள் குறித்துக்கொண்டாள். பேனாவைக் காற்றில் மிதக்க விட்டாள். "அம்மா சொல்லியா வச்சீங்க?"

"குடுத்தது அவ. வச்சது நான்."

"சின்னப் புள்ளையில அம்மா என் நெத்தியில வச்சு விடுவா. பஸ் ஸ்டாப்புல நீங்க கர்ச்சீப் எடுத்து அழிச்சிருவீங்க. தெனமும். எனக்கு நெத்தி எரியும். சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொன்னதில்ல." அவள் சிரிக்கப் பார்த்தாள். "என் நெத்தியில இருந்ததை அழிச்ச கைதானப்பா, ஓட்டுல மட்டும் அழிக்கத் தோணலையா?"

அவர் விரல் எதிரே இருந்த ஓட்டின் மேல் அந்த மூன்று கோட்டையே தடவிக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

ஆறு மணி நேரம் நாற்பது நிமிஷம் அவள் கலத்தின் அடியில் தொங்கினாள். தலைக்கவசக் கேமராவில் இருபத்தேழாம் ஓட்டைச் சுரண்டுவது தெரிந்தது. கறுப்புத் தூள் பறந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் மூன்று கீற்று, தெள்ளத் தெளிவாக. கட்டுப்பாட்டு அறையில் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருத்தரும் ஆவுடையப்பன் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் திரும்பாமல் இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி ஏரலுக்குப் போனார். மாசிலாமணி அங்கே வெல்டிங் பட்டறை போட்டிருந்தான். இவரைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்து நின்றான். இவர் எல்லாவற்றையும் சொன்னார். மாசிலாமணி முழுசாகக் கேட்டான்.

"பாப்பா எறங்கட்டும் அண்ணாச்சி, மொதல்ல," என்றான். "ரெண்டாம் கட்டத்துல சூட்டை அவசரமா ஏத்தாம இருந்தாவளா அந்த செட்டுக்கு? நானூறுலேருந்து எண்ணூறு வரைக்கும் பொறுமையாப் போகணும். சுடலைக்கண்ணு அவசரப்படுவாரு." அவனுக்கு இன்னும் அந்த ஓடுகள்தான் கவலை. ஆவுடையப்பன் அவன் கையைப் பிடிக்கப் போனார். கையில் கரி இருக்கிறது என்று அவன் பின்னால் இழுத்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் கலம் இறங்கியது. நாலு நிமிஷம் சத்தமே இல்லை. சூடு சூழ்ந்தால் ரேடியோ எடுக்காது. அந்த நாலு நிமிஷமும் ஆவுடையப்பன் யாரையும் கூப்பிடவில்லை, முருகனையும் சேர்த்து. கூப்பிடுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று உட்கார்ந்திருந்தார். பிறகு பாராசூட் குடைகள் விரிந்தன. கடலிலிருந்து மூன்று பேரையும் தூக்கினார்கள். ஐந்து ஒட்டும் இறுகிக் கறுத்து, ஓட்டோடு ஓடாக நின்றிருந்தன.

மகளை மருத்துவப் பரிசோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் அவர் வீட்டில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார். விசாரணை அறிக்கை சாயங்காலம் டிவியில் வரும். அதற்குள் சொல்லியாக வேண்டும். கோமதி சோறு போட்டு, புளிக்குழம்பை ஊற்றி, அப்பளத்தை வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"நீயும் உக்காரு கோமு. சேந்து சாப்பிடுவோம்."

"இன்னைக்கு சஷ்டில்லா. நீங்க சாப்பிடுங்க."

"சஷ்டியா? எப்பலேருந்து நீ சஷ்டியெல்லாம் இருக்க?"

"அதாச்சு பதினாலு மாசம்." அவள் மோர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்களுக்கு எங்க தெரியப்போவுது? நீங்க திருநீறைக் கடல்ல எறிஞ்சிட்டேன்னு சொன்னியள்லா, அன்னையிலேருந்துதான். அவன் கோவத்தைப் புள்ள மேல காட்டிரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். நீங்க செஞ்சதுக்கு நான் பட்டினி கெடக்கேன், அவளை விட்டுருன்னு."

பதினாலு மாசம். மாசம் ஒரு நாள் இவள் வெறும் வயிற்றோடு இவருக்குப் பரிமாறியிருக்கிறாள். இவர் அப்பளம் நொறுங்கத் தின்றிருக்கிறார், ஒரு தடவைகூட ஏன் என்று கேட்காமல்.

"நான் எறியல கோமு," என்றார்.

கோமதி அப்படியே நின்றாள். அவளுக்கு முகம் மலர்ந்தது பாருங்கள், கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அந்த முகத்தைப் பார்த்ததே கிடையாது. "வச்சியளா? என்ட்ட சொல்லவேயில்லையே! உங்க கையாலயா வச்சிய?"

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டால் போயிற்று. அந்த முகம் அப்படியே இருக்கட்டுமே என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆசையும் இன்னொரு பொய்க்குத்தான் வழி பார்த்தது. அவர் மீதியையும் சொன்னார். சாம்பல், உருகின தோல், குழி, மூன்று கோடு, மகள் ஆறு மணி நேரம் தொங்கிச் சுரண்டியது. சொல்லும்போது சோற்றைத்தான் பார்த்தார்.

"அப்பம் நான் குடுத்ததுதான் எம்புள்ளைய..."

"நீ குடுத்தது ஒண்ணும் செய்யல. வச்சேன்னு நான் யார்ட்டயாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ஓட்டை அப்பவே தூக்கிப் போட்டுட்டு வேற செஞ்சிருப்பாவ. நான் மறைச்சேன் கோமு. ஊருக்கும் மறைச்சேன், உனக்கும் மறைச்சேன்."

கோமதி மோர்ச் செம்பை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு அடுக்களைக்குப் போய் இன்னொரு தட்டை எடுத்து வந்து, அவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து, பதினாலு மாசத்துக்குப் பிறகு ஒரு சஷ்டியன்று சாப்பிடத் தொடங்கினாள். அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஆவுடையப்பன் கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் உட்கார்ந்திருந்தார்.